உப்புத் தண்ணீரும் ஒரு மதிப்பெண்ணும்

புதுச்சேரியில் எங்கள் காலத்தில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு அந்த 'கயே' நினைவிருக்கும். கட்டம் போட்ட தாள், ஊதா மை, இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. முசியே கரும்பலகையில் எழுதுவதை ஒரு புள்ளி பிசகாமல் நாங்கள் அதில் இறக்கிக்கொள்வோம். மதிப்பெண் எப்போதும் இருபதுக்குத்தான். இருபதுக்குப் பதினான்கு வாங்கினால் அன்றைக்கு வீட்டில் விசேஷம்.

1964 என்று நினைக்கிறேன். 1962 ஆகஸ்டில் சட்டப்படி நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாடம், பரீட்சை எல்லாமே பிரெஞ்சில்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு நாள் முசியே மேசைமேல் எட்டுக் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தார். பக்கத்தில் நாலரை வோல்ட் பட்டை பாட்டரி ஒன்று. மேலே இரண்டு பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. அதோடு ஒரு டார்ச் பல்பு, ஒயர், இரண்டு கரிக்குச்சி. எந்தெந்தத் திரவத்தில் மின்சாரம் போகும் என்று பார்ப்பதுதான் அன்றைய பாடம்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், மோட்டார் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வினிகர், உப்புத் தண்ணீர். ஒவ்வொரு டம்ளரிலும் கரிக்குச்சிகளை இறக்கிக் காட்டினார். முதல் ஏழிலும் பல்பு எரியவில்லை. உப்புத் தண்ணீரில் இறக்கியதும் மங்கலாக எரிந்தது. குச்சியைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி வந்தது. முன் பெஞ்சில் இருந்த எங்களுக்குப் பிளீச்சிங் பவுடர் வாடையும் வந்தது. பிறகு பலகையில் இரண்டு பத்தி போட்டார்: கடத்தும், கடத்தாது. முதல் பத்தியில் உப்புத் தண்ணீர் மட்டும். மற்ற ஏழும் இரண்டாவதில்.

எனக்கு அந்த எலுமிச்சைச் சாறு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவின் டார்ச் லைட்டிலிருந்து மூன்று பாட்டரிக் கட்டைகளை உருவினேன். செத்துப்போன எவரெடி கட்டை ஒன்றை உடைத்துக் கரிக்குச்சி எடுத்தேன். என்னிடம் பல்பு இல்லை. பல்பு இருக்கவேண்டிய இடத்தில் என் நாக்கை வைத்தேன்! இரண்டு ஒயர் முனைகளும் நாக்கில், கரிக்குச்சிகள் கிண்ணத்தில். டிஸ்டில்டு வாட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சைச் சாற்றில் இறக்கியதும் நாக்கில் சுள்ளென்று ஒரு புளிப்பு, கூடவே பித்தளைப் பாத்திரத்தை நக்கியது போல ஒரு ருசி. குழாய்த் தண்ணீரில்கூட லேசாகக் குறுகுறுத்தது.

மறுநாள் கயேயில் மூன்றாவதாக ஒரு பத்தி நானே போட்டு, 'கொஞ்சம் கடத்தும்' என்று பிரெஞ்சில் எழுதினேன். முசியே படித்துவிட்டு, எலுமிச்சை புளிக்காமல் வேறென்ன செய்யும் என்று கேட்டார். சாறு நாக்கில் படவே இல்லை, ஒயர் மட்டும்தான் பட்டது என்றேன். நாக்கு ஒரு கருவி அல்ல என்று சொல்லி என் பத்தியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, இருபதுக்கு ஏழு போட்டார். வகுப்பே சிரித்தது. மற்றபடி அவர் நல்ல வாத்தியார்தான்.

பரீட்சையில் இதே கேள்வி வந்தது. நான் புத்திசாலியாகி இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன். இருபதுக்குப் பதினாறு.

அந்த வருடம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் ஊறிப்போயிருந்தது. அம்மா ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று கத்தினார்கள். தண்ணீர் மின்சாரம் கடத்தாது, என் நோட்டிலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் கறுப்பு சுவிட்சைப் போட்டேன். அடுத்தபடியாக எனக்கு நினைவிருப்பது, கூடத்தின் மறு மூலையில் அம்மா என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. டார்ச் பல்பு எரிய ஏறக்குறைய கால் ஆம்பியர் வேண்டும். ஒரு ஆளைக் கொல்வதற்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதுமான ஆபத்து. பல்பு எரியவில்லை என்றால் பல்புக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். நாலரை வோல்ட்டுக்குப் பேசாமல் இருந்த அதே தண்ணீர், 230 வோல்ட்டுக்கு நன்றாகவே பேசும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, யார் முதலில் திரவங்களை இப்படிச் சோதித்தார்கள் என்று தேடிப் படித்தேன். கிடைத்த முதல் ஆளே என் கட்சிக்காரராக இருந்தார். இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். பெரிய பணக்காரர், மனிதர்களைக் கண்டாலே ஒதுங்குகிற கூச்ச சுபாவம். 1770களில், வோல்ட்டாவின் பாட்டரியே வராத காலத்தில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் ஜாடிகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்தார். மின்சாரத்தை அளக்கக் கருவி கிடையாது. அதனால் தன் உடம்பையே கருவியாக்கினார். கண்ணாடிக் குழாயில் திரவத்தை நிரப்பி, அதன் வழியாக ஷாக் வாங்கிக்கொள்வார். பிறகு வேறொரு திரவத்தின் வழியாக வாங்குவார். இரண்டு ஷாக்கும் ஒரே அளவாகத் தெரியும்வரை குழாயில் கம்பியைத் தள்ளி வைத்து நீளத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். எந்தத் திரவம் எவ்வளவு கடத்துகிறது என்பதை அந்த நீளத்தைக் கொண்டு கணக்கிட்டார்.

1776-இல் அவர் வெளியிட்ட கணக்கு: மழைத் தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் நூறு மடங்கு நன்றாகக் கடத்தும், உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் போட்ட கரைசல் 720 மடங்கு. இரும்புக் கம்பியோ மழைத் தண்ணீரைப் போல நாற்பது கோடி மடங்கு. இரண்டு பத்தி போடவில்லை, பார்த்தீர்களா? எல்லாம் 'எத்தனை மடங்கு' என்ற கணக்குத்தான். அவருடைய குறிப்புகளில் பெரும்பாலானவை அச்சேறாமலே கிடந்தன. நூறு வருடம் கழித்து மாக்ஸ்வெல் அவற்றைத் தொகுத்து 1879-இல் வெளியிட்டார். அதற்காக அவரும் கேம்பிரிட்ஜில் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து, வந்த விருந்தாளிகளையும் ஷாக் வாங்கச் சொன்னாராம். அந்த முடிவுகள் நவீன அளவுகளோடு வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயின. நாக்கு கருவி அல்ல என்ற முசியேவுக்கு இதைக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1800-இல் வோல்ட்டாவின் பாட்டரி வந்ததும் எல்லாம் வேகம் பிடித்தது. அந்த வருடம் மே மாதமே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரில் கம்பிகளை இறக்கி அதை வாயுக்களாகப் பிரித்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சுத்த நீர் அல்ல, லண்டனுக்கு வாய்க்கால் வழியாக வந்த குடிதண்ணீர். அதில் கரைந்திருந்த உப்புகள் அவர்களுக்குக் கைகொடுத்தன.

பிறகு ஃபாரடே. 1833-இல் அவர் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம், அது பனிக்கட்டியாக உறைந்ததும் நின்றுபோனது. சரி, மற்றப் பொருள்கள் எப்படி என்று ஈயக் குளோரைடு போன்ற உப்புகளை எடுத்தார். கட்டியாக இருக்கும்போது அவை கடத்தவில்லை. நெருப்பில் உருக்கித் திரவமாக்கியதும் கடத்தின. அடுத்த வருடம் இந்தப் பொருள்களுக்கெல்லாம் பெயர் வைக்க ஹியூவெல் என்ற கேம்பிரிட்ஜ் பண்டிதரின் உதவியை நாடினார். அயனி, ஆனோடு, கேத்தோடு என்று இன்று நம் பேரப்பிள்ளைகள் மனப்பாடம் செய்வதெல்லாம் அந்தக் கடிதப் போக்குவரத்தில் உருவானவை. அயனி என்பது 'அயான்' என்ற கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவம். 'போய்க்கொண்டிருப்பது' என்று பொருள்.

பெயர் கிடைத்ததே தவிர விடை கிடைக்கவில்லை. காய்ந்த உப்பு கடத்தாது. சுத்தமான தண்ணீர் கடத்தாது என்றே சொல்லிவிடலாம். கடத்தாத இரண்டையும் சேர்த்தால் கடத்துகிறதே, எப்படி? சர்க்கரையும்தான் கரைகிறது, அது ஏன் சும்மா இருக்கிறது? மின்சாரம் பாய்ந்துதான் உப்பின் மூலக்கூறுகளைப் பிய்க்கிறது என்று ஃபாரடேயும் மற்றவர்களும் நினைத்தார்கள். ஆனால் பிய்ப்பதற்கு ஒரு பலம் வேண்டுமே? எவ்வளவு சிறிய வோல்ட் கொடுத்தாலும் கரைசலில் கொஞ்சம் மின்சாரம் ஓடத்தான் செய்தது. 1857-இல் கிளாசியஸ் என்ற ஜெர்மானியர், சில மூலக்கூறுகள் முன்கூட்டியே பிரிந்துதான் இருக்கவேண்டும் என்றார். 'சில' என்பதற்கு மேல் போக அவருக்கும் துணிவு வரவில்லை.

துணிந்தவர் ஸ்வீடன் நாட்டு வாலிபர், ஸ்வாந்தே அரேனியஸ். 1859-இல் பிறந்தவர். அப்பா நில அளவையாளர், பல்கலைக்கழக நிலங்களைப் பார்த்துக்கொண்ட உத்தியோகஸ்தர். உப்சாலாவில் வாத்தியார்கள் சரிப்பட்டு வராததால் ஸ்டாக்ஹோமுக்குப் போய் எட்லுண்ட் என்பவரின் ஆய்வகத்தில் உட்கார்ந்து, உப்பு, அமிலம், காரம் என்று ஒவ்வொன்றையும் கரைத்துக் கரைத்து அளந்தார். தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போகச் செய்யச் செய்ய, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பங்கு உப்பும் முன்னைவிட நன்றாகக் கடத்தியது. சாம்பாரில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காரம் ஏறுகிற மாதிரி! 1883 மே 17 இரவு இதற்கு விடை தோன்றியது என்றும், முழுக் கணக்கையும் போட்டு முடிக்கும்வரை தூங்கவில்லை என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கரைந்த பொருளில் ஒரு பகுதி 'சுறுசுறுப்பானது', மறு பகுதி 'சோம்பேறி'. தண்ணீர் கூடக்கூடச் சோம்பேறிகளும் சுறுசுறுப்பாகிறார்கள். அப்போதைக்கு அவ்வளவுதான் சொன்னார். அயனி என்று தைரியமாகச் சொல்லவில்லை.

1884-இல் இதை டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடாகக் கொடுத்தார். இங்கேதான் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஸ்வீடன்காரர் உப்சாலாவில் கொடுத்த அந்த ஆய்வேடு, பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது! என் கயே மொழி.

கிளீவ் என்ற பெரிய வேதியியல் பேராசிரியரிடம் போய், மின்கடத்தல் பற்றி எனக்கொரு புதுக் கொள்கை கிடைத்திருக்கிறது என்றாராம். மிகவும் சுவாரசியம் என்று சொல்லிக் கையோடு விடைகொடுத்து அனுப்பிவிட்டாராம் அவர். ஆய்வேட்டுக்குக் கிடைத்த தரம் லத்தீனில் இருந்தது. தமிழில் சொன்னால், 'பாராட்டு இல்லாமல் அல்ல, ஏற்கப்படுகிறது'.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். அதில் பாதிக் காலம் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில், ரகசிய அறிக்கைகளுக்கு நடுவே. 'பணி திருப்திகரமானதே' என்று அதிகாரி ஒரு வரி எழுதினால் அந்த 'ஏ'காரத்தின் எடை எங்களுக்குத்தான் தெரியும். எழுதப்பட்டவருக்குப் பிரமோஷன் இல்லை என்று அர்த்தம். பாராட்டு இல்லாமல் அல்ல என்பதும் அந்த ரகம்தான். தோற்கடிக்கவில்லை, ஆனால் அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆக முடியாது. இருபத்தைந்து வயதில் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அவர் புத்திசாலி, உள்ளூரோடு நிற்கவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டுப் பெரிய தலைகளுக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்று ரீகாவில் இருந்த ஆஸ்ட்வால்டுக்குப் போனது. அவருக்கு ஒரே நாளில் மூன்று வந்து சேர்ந்தனவாம்: ஒரு பெண் குழந்தை, தாங்க முடியாத பல்வலி, இந்த ஆய்வேடு. மூன்றிலும் அதிகம் தொல்லை கொடுத்தது ஆய்வேடுதான் என்று அவர் எழுதியிருக்கிறார். அமிலங்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று வருடக்கணக்கில் தான் அளந்துவைத்த எண்கள், இந்தப் பையனின் மின்கடத்தல் எண்களோடு கைகோத்து நின்றதைப் பார்த்தார். அந்த ஆகஸ்டிலேயே உப்சாலாவுக்குக் கிளம்பி வந்து, பையனைத் தன்னோடு ரீகாவுக்கு அழைத்தார். வெளியூர்க்காரர் தேடி வந்ததும் உள்ளூர்க்காரர்களுக்கும் கண் திறந்தது. அரேனியஸுக்கு உப்சாலாவிலேயே வேலை கிடைத்தது. இதுவும் நமக்குப் புதிதல்ல.

அதற்குப் பிறகு பயண உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவின் நல்ல ஆய்வகங்களை எல்லாம் சுற்றினார். அவர் சந்தேகத்தைத் தீர்த்து வைத்த ஆதாரங்களில் ஒன்று பிரான்சிலிருந்து வந்தது. கிரெனோபிளில் பேராசிரியராக இருந்த ராவுல், தண்ணீரில் எதைக் கரைத்தால் அது எவ்வளவு குளிரில் உறையும் என்று பொறுமையாக அளந்துகொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஐசோடு உப்பைச் சேர்ப்பாரே, அதே விஷயம். எத்தனை துகள் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உறையும் நிலை இறங்கும். சர்க்கரை தன் கணக்குப்படி இறக்கியது. சமையல் உப்போ, அதே எண்ணிக்கை மூலக்கூறுகளைப் போட்டாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறக்கியது. ஒன்று போட்டால் இரண்டாகிறது! ஆக, மின்சாரமே இல்லாத இடத்திலும் உப்பு தண்ணீரில் விழுந்தவுடன் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 1887-இல் அரேனியஸ் இதை ஒளிவு மறைவில்லாமல் அச்சில் போட்டார். மின்சாரம் உப்பைப் பிரிப்பதில்லை. ஏற்கெனவே பிரிந்து கிடப்பவற்றை நடத்திக்கொண்டு போகிறது. சர்க்கரை கரையும், ஆனால் பிரியாது. எலுமிச்சையும் வினிகரும் கொஞ்சம்தான் பிரியும், அதனால் கொஞ்சம்தான் கடத்தும்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், குளோரின் விஷவாயு. இரண்டும் தனித்தனியாக மிதக்கும் தண்ணீரை எப்படி ஐயா குடிக்கிறோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மின்னேற்றம் பெற்ற சோடியம் வேறு, வெறும் சோடியம் வேறு என்பதே பதில். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்தக் காலத்தில் அதை நம்புவது கஷ்டம். உப்புக் கட்டியிலேயே அயனிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, அங்கே நகர இடமில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன என்பது பிராகுகள், அப்பாவும் மகனும், 1913-இல் எக்ஸ்ரே கொண்டு பார்த்த பிறகுதான் தெளிவானது. அரேனியஸ் சொன்னதிலும் திருத்தம் வந்தது: சமையல் உப்பு மாதிரியானவை பாதி பாதியாக அல்ல, அநேகமாக முழுவதுமே பிரிந்துவிடுகின்றன.

1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது வேதியியல் பரிசுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே கிளீவ்தான்.

சுத்த நீரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோல்ராஷ் என்ற ஜெர்மானியர், குச்சிகளில் வரும் குமிழித் தொல்லையைத் தவிர்க்க மாறுதிசை மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் முறையைக் கொண்டுவந்தவர். 1894-இல் ஹைட்வைலரோடு சேர்ந்து, தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, காற்றுகூடப் படாமல் அளந்தார். அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் தூரம் கடப்பதும், அதே கனமுள்ள செப்புக் கம்பியில் நாலு கோடி கிலோமீட்டர் கடப்பதும் மின்சாரத்துக்கு ஒன்றுதான். பூமியை ஆயிரம் முறை சுற்றுகிற நீளம். அப்படியும் பூஜ்யம் ஆகவில்லை. தண்ணீர் தானே தன்னைக் கொஞ்சம், மிகமிகக் கொஞ்சம், பிரித்துக்கொள்கிறது. எனவே அந்த இரண்டாவது பத்தியில் எந்தத் தண்ணீரையும் எழுதியிருக்கவே கூடாது. நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; கடலோரத் தெருக்களில் அதில் சோறு வடித்தால் உப்பே போடவேண்டாம் என்று பெண்கள் சலித்துக்கொள்வார்கள்.

போன மாதம் மகள் வீட்டுப் பேரன் விடுமுறைக்கு வந்தான். ஒன்பது வோல்ட் பாட்டரி, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, ஒரு மின்தடை, இரண்டு பென்சில் கரி. எல்.இ.டி.க்கு டார்ச் பல்பு கேட்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் இருட்டு. சர்க்கரையிலும் இருட்டு. ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழாய்த் தண்ணீரில் இறக்கினோம். மினுக்கென்று ஒரு புள்ளி தெரிந்தது. எலுமிச்சைச் சாற்றில் இன்னும் நன்றாகவே எரிந்தது.

"தாத்தா, இதை எந்தப் பத்தியில எழுதறது?" என்று கேட்டான். நோட்டில் அவன் கோடு போட்டு வைத்திருந்தது இரண்டே பத்தி. ஸ்கேலை வாங்கி மூன்றாவது கோட்டை நான் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியதால் கோடு கோணலாகத்தான் வந்தது.